கோழி சுட வந்த விமானம்

வெண்டலின், கான்சஸ்
நவம்பர் 12, ஞாயிறு

லியோ,

போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய். நான் எடுக்கப் போவதில்லை. உன் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம். அதனால்தான் எழுதுகிறேன். சொல்ல ஏதாவது இருந்தால் நீயும் எழுது.

வியாழக்கிழமை காலை கூட்டுறவுச் சங்கத்து எடைமேடை வேலையில் இருந்தேன். வெளியே சோள லாரிகள் வரிசையில் நின்றன. ஆல்வின் வாசிங்கர் லாரியை விட்டு இறங்கி வந்து, ஜன்னல் வழியாகத் தன் கைபேசியை என் முன்னால் வைத்தார். கார்வர் கல்லூரி நம் இரண்டு ஊர்க் கல்லூரிகளும் ஆடும் கால்பந்து லீக்கை விட்டுப் போகிறது, கிழக்கே இருக்கும் பெரிய லீக்கில் சேர்கிறது, கல்லூரியின் நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவெடுத்துவிட்டது என்று அதில் இருந்தது. ஒருமனதாக. அந்தக் குழுவில் என் அண்ணன் நீ இருக்கிறாய். ஆல்வின் கைபேசியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபரில் நான் உன்னைப் போனில் கூப்பிட்டது ஞாபகம் இருக்கும். லீக் மாறும் பேச்சு வந்தாலே இங்கே எல்லோரும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். யாருடைய விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்று கைபேசியில் பார்ப்பதும், அதை வைத்து எந்தக் கல்லூரி எங்கே தாவப்போகிறது என்று ஜோசியம் சொல்வதும்தான் வேலை. உங்கள் ஊர் ஓடுதளத்தில் ஒரு சின்ன ஜெட் வந்து நிற்கிறது, பெரிய லீக்கின் ஆட்கள்தான் வந்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேசினார்கள். நான் உன்னிடம் நேராகக் கேட்டேன். நீ சொன்னாய்: "அதா? ஃபெசன்ட் காட்டுக்கோழி சுட வந்த பணக்காரங்க விமானம், ரோசெல்லா. வேற ஒண்ணும் இல்ல."

அடுத்த நாள் மாதா கோயில் கூடத்தில் கூட்டம். நம் கல்லூரி மைதானத்துக்கு உட்கார்ந்து பார்க்கப் புதுக் காலரியும் விளக்குக் கம்பங்களும் போட ஊரில் விற்பனை வரி வைப்பதா வேண்டாமா என்று பேச்சு. காலரிக் குழுவுக்கு நான்தான் தலைவி. கார்வர் இங்கே ஆட வரும் வருடம்தான் நம் மைதானம் நிரம்பும். கார்வரே போய்விட்டால் காலரி யாருக்கு என்று பின்வரிசையில் கேட்டார்கள். நான் எழுந்து, "என் அண்ணன் அந்தக் குழுவுலயே இருக்கான். நேராக் கேட்டுட்டேன். அது கோழி சுட வந்தவங்க விமானமாம். கார்வர் எங்கயும் போகல" என்றேன். கூடமே சிரித்தது. இந்தச் செவ்வாய்க்கிழமை ஊர் வாக்களித்து வரியை ஏற்றுக்கொண்டது. வியாழக்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

நேற்று உங்கள் ஊரில் மேட்ச். இங்கிருந்து பேண்டு வாசிக்கும் பிள்ளைகளைத் தவிர யாரும் வரவில்லை என்பதைப் பார்த்திருப்பாய். நாங்கள் ஜெயித்தோம் என்று வானொலியில் சொன்னார்கள். கார்வரை ஜெயித்த நாளில் எங்கள் பெரிய தெருவில் லாரிகள் எப்படி ஹாரன் அடித்துக்கொண்டு போகும் என்று உனக்குத் தெரியும். நேற்று தெருவில் சத்தமே இல்லை. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன்.

ரோசெல்லா

*

கார்வர்
நவம்பர் 16

அன்புள்ள ரோசெல்லா,

உன் கடிதத்தை உன் அண்ணி மார்ஜிக்குப் படித்துக் காட்டினேன். பாத்திரம் துடைத்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ சொன்னது பொய்னு முதல்ல அவளுக்கு எழுது. மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள்.

எழுதுகிறேன். நான் உன்னிடம் சொன்னது பொய். அந்த விமானத்தில் வந்தவர்களோடு முந்தின நாள்தான் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தேன்.

இனி, கோபப்படாமல் கொஞ்சம் கேள். இந்த விஷயத்தை வெளியே பேசுவதில்லை என்று குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். உன்னிடம் "சொல்ல முடியாது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் "சொல்ல முடியாது" என்றாலே "ஆமாம், போகிறோம்" என்றுதானே பொருள். அந்த ஒரு நொடியில் வேறு வார்த்தை தேடினேன். அந்தப் பொய் அகப்பட்டது.

ஏன் போகிறோம் என்று கேட்பாய். எங்கள் விடுதியில் ஒரு மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், தங்கப் பிள்ளைகள் இல்லை. பெரிய லீக்கில் ஆடினால் தொலைக்காட்சியில் காட்டுவார்கள், அதைப் பார்த்துப் பிள்ளைகள் சேர்வார்கள் என்கிறார் கல்லூரித் தலைவர். வகுப்பில் நான் கான்சஸின் பழைய வரைபடத்தை மாட்டிப் பாடம் நடத்துவது உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். இரண்டிலும் மாதா கோயில், தானியக் கிடங்கு, பள்ளிக்கூடம். ஒரு ஊர் வழியாக ரயில் பாதை போனது, அது பிழைத்தது. இன்னொன்று இருந்த இடத்தில் இன்று கல்லறை மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது ஊர் செய்த தவறு என்ன என்று பிள்ளைகளிடம் கேட்பேன். ஒரு தவறும் இல்லை என்பதுதான் விடை. பாதை அப்படிப் போனது, அவ்வளவுதான். லீக்குகள் மாறுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லீக் வேறானாலும் நம் இரண்டு கல்லூரிகளும் வருடத்தில் ஒருநாள் தனியாக ஆடிக்கொள்ளலாம். அதற்கு நான் பேசிப் பார்க்கிறேன்.

உன் அண்ணன்,
லியோ

*

வெண்டலின்
நவம்பர் 20

லியோ,

ரயில் பாதைக்குக் கை கிடையாது. உனக்கு இருந்தது. ஓட்டுப் போடத் தூக்கினாய்.

பாடம் நன்றாக இருந்தது. அந்த இரண்டாவது ஊரில் இருப்பவள் நான் என்பதை மட்டும் மறந்துவிட்டாய். ஆறு கல்லூரி இல்லாத லீக்குக்குத் தேசியப் போட்டியில் இடமில்லை. உங்களோடு சேர்த்து நாம் ஆறு. இப்போது ஐந்து. மீதி இருப்பவர்களில் யார் அடுத்து ஓடுவார்கள் என்று காபிக் கடையில் பந்தயம் கட்டுகிறார்கள்.

அதைக்கூட விடு. எடைமேடைக்கு வருகிறவர்கள் முன்பு லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து கதவில் சாய்ந்து கதை பேசுவார்கள். இப்போது லாரியிலிருந்து இறங்குவதே இல்லை. ஜன்னலைக் கொஞ்சமாக இறக்கிச் சீட்டை வாங்கிக்கொள்கிறார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. "நன்றி ரோசெல்லா, உடம்பப் பாத்துக்கோ" என்கிறார்கள். எனக்கு ஏதோ நோய் வந்ததுபோல. திட்டினால் பதில் சொல்வேன். இதற்கு என்ன சொல்வது? மளிகைக் கடையில் ஒரு பெண் ரசீதைப் பார்த்து, புது வரி வந்தால் எவ்வளவு கூடும் என்று கடைக்காரியைக் கேட்டாள். பின்னால் நான் நிற்பதைப் பார்த்ததும் முகம் சிவந்துபோய்ப் பையை வைத்துவிட்டுப் போனாள். அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன்.

என் வீட்டுக்காரர் வெர்ஜில் காபிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாற்பது வருடமாக அதே மேஜை. கேட்டால் முழங்கால் வலி என்கிறார்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். டிசம்பர் 10-ஆம் தேதி ஞாயிறு மாலை அதே கூடத்தில் பீராக் ரொட்டி விருந்து. ஊரே வரும். நீ வா. நான் நின்ற இடத்திலேயே நின்று, "என் தங்கச்சி பொய் சொல்லல, நான்தான் அவகிட்ட பொய் சொன்னேன்" என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். வரைபடமும் வேண்டாம்.

ரோசெல்லா

*

கார்வர்
நவம்பர் 24

அன்புள்ள ரோசெல்லா,

நேற்று நன்றிதெரிவித்தல் நாள். நீயும் வெர்ஜிலும் இல்லாமல் மேஜை பெரிதாக இருந்தது. மார்ஜி வழக்கம்போல எல்லோருக்கும் சேர்த்தே வான்கோழி வாங்கிவிட்டாள். அடுத்த வாரம் வரைக்கும் எங்களுக்கு அதுதான் சாப்பாடு.

நீ கேட்டதைப் பற்றி நிறைய யோசித்தேன். உன் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் என்னிடம் படித்தவர்கள் என்று உனக்குத் தெரியும். ஆல்வினின் மகளுக்கு நான்தான் பாடம் எடுத்தேன். காப்பியடித்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, ஏன் செய்தாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டவன் நான். அது நல்ல வழி என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது என்னை எழுப்பி நிறுத்தப் போகிறார்கள் என்றதும் தூக்கம் வரவில்லை. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

வேறு ஒரு வழி தோன்றியது. உங்கள் வாரப் பத்திரிகைக்கு ஒரு கடிதம். கூட்டத்துக்கு வராதவர்களும் படிப்பார்கள். இப்படி எழுதியிருக்கிறேன்:

"அண்மையில் நடந்த லீக் மாற்றம் தொடர்பாக, உரிய நேரத்தில் உரிய தகவல் உரியவர்களைச் சென்றடையாமல் போனதற்கு வருந்துகிறோம். காலரிக் குழுத் தலைவி திருமதி ரோசெல்லா வைகல் தமக்குக் கிடைத்த தகவலின் அடிப்படையில் நல்லெண்ணத்துடனேயே பேசினார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

பிடித்திருந்தால் சொல், அனுப்பிவிடுகிறேன்.

லியோ

*

வெண்டலின்
நவம்பர் 28

லியோ,

அதை வெர்ஜிலுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "சரி, இதுல பொய் சொன்னது யாரு?" என்றார். இன்னொரு முறை படித்தேன். "தகவல்தான் வழி தெரியாம எங்கயோ போயிடுச்சு போல, பாவம்" என்றார். இரண்டு வாரத்தில் இந்த வீட்டில் அன்றுதான் ஒருவர் சிரித்தார். அந்தக் கடிதத்தால் கிடைத்த நன்மை அவ்வளவுதான். திருப்பி அனுப்புகிறேன்.

"வருந்துகிறோம்" என்றால் யார் யார்? மார்ஜியும் அந்த வான்கோழியுமா?

மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். பீராக் தீர்ந்துபோகும், சீக்கிரம் வா. வரவில்லை என்றால் எழுதாதே.

ரோசெல்லா

*

கார்வர்
டிசம்பர் 11, திங்கள்

அன்புள்ள ரோசெல்லா,

நேற்று இரவு வீடு திரும்பும்போது மார்ஜிதான் கார் ஓட்டினாள். சாவியை நானே அவளிடம் நீட்டினேன்.

நீ எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். அதன் பின் கொஞ்சம் கூடச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். சொல்லாவிட்டால் அரைகுறையாக இருக்கும் என்று தோன்றியது. கையைத் தூக்கச் சொன்னபோது நான் மேஜையைச் சுற்றிப் பார்த்தேன், எல்லாக் கைகளும் மேலே இருந்தன, கடைசியாகத் தூக்கியது நான்தான் என்று சொன்னேன். யோசித்து முடிவெடுத்ததால் கடைசியாகத் தூக்கவில்லை, என் வெண்டலின் தங்கையைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று காத்திருந்தேன், யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை என்று சொன்னேன். அது உண்மை. உனக்குக்கூட நான் எழுதவில்லை.

குழுக் கூட்டத்தில் நடந்ததை வெளியே சொன்னதால் இன்று காலை கல்லூரித் தலைவர் கூப்பிட்டார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே குழுவிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் ஒன்று என்னை அரிக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர்கூடத் திட்டவில்லை. ஆல்வின் வாசிங்கர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சரி லியோ, போதும். உக்காந்து சாப்புடு" என்றார். என் தட்டில் அவரே இரண்டு பீராக் எடுத்து வைத்தார். உள்ளே இருந்த முட்டைக்கோசை முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன். ஒரு கேள்வி கேட்கிறோம், வகுப்பு பேசாமல் இருக்கிறது. விடை தெரியாத வகுப்பு உன் முகத்தையே பார்க்கும், நீ சொல்லிவிடுவாய் என்று. விடை தெரிந்தும் சொல்லாத வகுப்பு மேஜையைப் பார்க்கும். ஒருமுறை யாரோ என் பூமி உருண்டையை உடைத்துவிட்டார்கள். யார் என்று கேட்டதும் இருபத்தைந்து பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மேஜையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும் என்று அப்போது புரிந்தது.

நேற்று நான் "கோழி சுட வந்த விமானம்" என்று சொன்னபோது அந்தக் கூடம் முழுவதும் தட்டைப் பார்த்தது. வெர்ஜிலும் பார்த்தார். நீ காபி ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்தாய்.

உன் பெயரைச் சுத்தமாக்கத்தான் வந்தேன். ஆனால் உனக்கு நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. நான் எதையாவது தவறாகச் சொல்லிவிட்டேனா? சொல், திருத்திக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
லியோ

*

வெண்டலின்
டிசம்பர் 14

அன்புள்ள லியோ,

நீ தவறாக ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் திரும்பி நின்றேன்.

இந்தக் கடிதத்தை இரண்டு நாளாக எழுதுகிறேன். வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கான்சஸில் ஃபெசன்ட் கோழி வேட்டை தொடங்குவது நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை. நீ அந்தப் பொய்யைச் சொன்னது அக்டோபரில். அக்டோபரில் நம் பக்கம் யாராவது கோழி சுட்டால் வனத்துறைக்காரர் வந்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போவார். உனக்கு அது தெரியாது. அப்பா உன்னை வயலுக்கு இழுத்துப்போன ஒரே நாளில் நீ பறவையைப் பார்த்து அழுதாய், அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் நான் கல்யாணம் ஆன நாள் முதல் ஒவ்வொரு நவம்பரிலும் வெர்ஜில் கொண்டுவரும் கோழிகளுக்கு இறகு பிடுங்குகிறவள்.

போனில் நீ சொன்னதும் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். நிம்மதியில் பேச்சு வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். தேதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பொய் சொல்கிறாய் என்று எனக்கு அப்போதே தெரியும் லியோ. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நீ உடைந்திருப்பாய். நான் கேட்கவில்லை. "சரி, சந்தோஷம்" என்று வைத்துவிட்டேன். கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போக எனக்கு ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. நீ கொடுத்தாய்.

அந்தக் கூடத்தில் இருந்த ஆண்களில் வேட்டைக்குப் போகாதவர் பாதிரியார் மட்டும்தான். நான் எழுந்து கோழி சுட வந்தவர்கள் என்று சொன்னதும் ஆல்வின் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அப்புறம், "கோழி சுட வந்தவங்களா? சரிதான், சரிதான்" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அதற்குப் பின்தான் கூடம் சிரித்தது. முதல் கடிதத்தில் உனக்கு அந்தச் சிரிப்பை மட்டும் எழுதினேன். என்ன சிரிப்பு என்று எழுதவில்லை.

ஏன் எல்லோரும் விழுங்கினோம் என்று கேட்பாய். காலரி கார்வருக்காக என்று வெளியே சொன்னோம். குழுவுக்குள் பேசியது வேறு. புதுக் காலரியும் விளக்கும் இருந்தால் அந்தப் பெரிய லீக் நம்மையும் ஒருநாள் கூப்பிடும் என்பதுதான் பேச்சு. கூப்பிட்டால் மற்ற நான்கு கல்லூரிகளை விட்டுவிட்டுப் போவதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போவதற்குத்தான் கட்டினோம். கார்வர் போகிறது என்று ஊர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் வரி தோற்றிருக்கும், அதனால் தெரியாததுபோல இருந்தோம். நீங்கள் முந்திக்கொண்டீர்கள் என்ற கோபம்தான் எங்களுக்கு. அதைத் துரோகம் என்று சொல்லிக்கொண்டோம்.

எடைமேடையில் யாரும் என் முகத்தைப் பார்க்காததற்கு நான் பொய் சொன்னேன் என்பது காரணம் இல்லை. பார்த்தால், முன்பே தெரியும் என்பது இரண்டு பேர் முகத்திலும் வெளிப்பட்டுவிடும். நான் அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்ள விரும்பினேன். உன்னை வரவழைத்தால் அந்தப் பாரம் முழுவதும் உன் தலையில் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அப்படித்தான் ஆனது. நீ எழுந்து நின்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாய். ஒரு கூடம் நிறைய ஆட்கள் உன்னைப் போகவிட்டு, மிச்சமிருந்த பீராக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். நான்தான் அவர்களுக்குப் பை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது லாரிக்காரர்கள் இறங்கி உள்ளே வருகிறார்கள். திங்கட்கிழமை ஆல்வின் கதவில் சாய்ந்து நின்று, "உங்க அண்ணன் ரொம்ப நல்லவன் ரோசெல்லா" என்றார். "ஆமா" என்றேன். 

நேற்று வெர்ஜிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எனக்கும் தேதி தெரியுமே" என்றார். 

வரும் ஞாயிறு, பூசை முடிந்து காபி குடிக்க எல்லோரும் கூடத்துக்கு வருவார்கள். நான் எழுந்து நின்று எனக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லப் போகிறேன். அவர்களுக்கும் தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன்; அதை அவரவர் சொல்லட்டும், சொல்லாமலும் போகட்டும். அதன் பின் காலரிக் குழுவிலிருந்து விலகிக்கொள்வேன். ஆல்வின் என்னை உட்கார்ந்து சாப்பிடச் சொல்வாரா என்று தெரியாது.

நீ காரை எடுத்துக்கொண்டு கிளம்புவாய் என்று எனக்குத் தெரியும், மார்ஜி தடுத்தாலும். வராதே. நீ அங்கே உட்கார்ந்திருந்தால் அவர்கள் மறுபடியும் உன்னைத்தான் பார்ப்பார்கள்.

உன் தங்கை,
ரோசெல்லா